ஐந்தாவது ஆட்டக்காரர்

(தோப்பூரில் பெற்றோரும் மாணவரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பெரியோர்களே, தாய்மாரே, தந்தையரே, முன்வரிசையை நிறைத்திருக்கும் தம்பி தங்கைமாரே,

ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம் என்று அணி பிரிந்து இணையத்தில் மோதும் விளையாட்டைப் பற்றி இன்று பேசப்போகிறேன். கொம்பியூட்டரில் ஆடுகிறவர்கள் டோட்டா 2 என்பார்கள், லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் என்பார்கள். நம் ஊரில் போன் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் மொபைல் லெஜன்ட்ஸ் என்பார்கள். பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் வேறு வகை. அவற்றில் கடைசிவரை சாகாமல் நிற்பவர் வெல்கிறார். நான் பேசவந்த விளையாட்டில் தனியாக நின்று வெல்லவே முடியாது. பெரியவர்களாகிய நாம் எல்லாவற்றையும் "கேம்" என்ற ஒரே மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிட்டு, அந்த மூட்டையைத் திட்டுகிறோம். திட்டுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பதே என் விருப்பம்.

களம் எப்படி இருக்கும் என்று தாய்மாருக்காகச் சொல்கிறேன். சதுரமான ஒரு நிலம். எதிரெதிர் மூலைகளில் இரண்டு கோட்டைகள். அவற்றை இணைக்க மூன்று பாதைகள். பாதைகளுக்கு இடையே காடு, நடுவில் ஓர் ஆறு. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இறங்குகிறார். இரண்டு கோட்டைகளிலிருந்தும் சிறு படையினர் தாமாகவே வரிசையாக நடந்து வந்து பாதையில் மோதுவார்கள். எதிரிப் படையாளின் மீது கடைசி அடியைப் போடுகிறவருக்குப் பொற்காசு கிடைக்கும். அந்தக் காசில் ஆயுதம் வாங்கலாம். எதிரியின் கோட்டையை விழுத்தும் அணிக்கு வெற்றி. டோட்டாவில் ஓர் ஆட்டம் பெரும்பாலும் அரை மணித்தியாலத்தைத் தாண்டும். போனில் ஆடுவது அதில் பாதி அளவு. ஆட்டம் முடிந்ததும் சேர்த்த பொன்னெல்லாம் அழிந்துபோகும். அடுத்த ஆட்டத்தில் எல்லோரும் மறுபடி வெறுங்கையுடன் தொடங்க வேண்டும்.

என் பேச்சின் நடுப்புள்ளி இங்கேதான் இருக்கிறது. களத்தில் விளையும் பொன் ஐந்து பேருக்கும் போதாது. எல்லோரும் சமமாகப் பகிர்ந்தால் ஒருவருமே பலமடைய மாட்டார்கள். சிறுபோகத்தில் அல்லைக் குளத்துத் தண்ணீர் குறையும்போது எந்த வயலுக்கு முதலில் விடுவது, யார் பொறுப்பது என்று கமக்காரர்கள் கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்களே, அந்த வேலையை இந்த ஐந்து பேரும் ஒவ்வோர் ஆட்டத்திலும் செய்கிறார்கள். டோட்டாக்காரர்கள் இடங்களை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். முதலாம் இடத்துக்காரர் பொன்னில் பெரும் பங்கை எடுத்துக்கொள்வார். இறுதிச் சண்டையை வென்றுகொடுப்பது அவர் கடமை. ஐந்தாம் இடத்துக்காரர் பொன்னைத் தொடமாட்டார். இருட்டில் எதிரி வரும் வழிகளில் வார்டு எனப்படும் காவற்கண்களை ஊன்றுவார். முதலாம் ஆளைத் துரத்திக்கொண்டு எதிரி வந்தால் இடையில் விழுந்து மறிப்பார். தன் கையிலுள்ள சொற்பக் காசையும் அணியின் பொதுத் தேவைக்கே செலவழிப்பார். ஆட்டம் முடிந்து புள்ளிப்பட்டியல் வரும்போது அவர் பெயருக்கு எதிரே கொன்ற கணக்கு குறைவாகவும் செத்த கணக்கு கூடுதலாகவும் இருக்கும். அவர் இல்லாமல் அந்த அணி வென்றிருக்காது.

தம்பிமாரே, உங்களில் எத்தனை பேர் ஐந்தாம் இடத்தை விரும்பிக் கேட்கிறீர்கள்? முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது எல்லோரும் முதலாம் இடத்தைக் கேட்டு அடித்துக்கொள்வது உங்களுக்கே தெரியும். ஏசலும் தூஷணமும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. தோற்கிற ஒவ்வொருவனுக்கும் மற்ற நால்வர்தான் காரணம். நாளைக்கு அந்த நால்வரின் முகத்தில் விழிக்கவேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. இந்த விளையாட்டில் நான் காணும் பெரிய கேடு திரையில் தெரியும் வாளும் நெருப்பும் அல்ல. முகம் தெரியாத ஐந்து பேரைத் தினந்தினம் ஒரே அணியில் கட்டிப்போட்டுவிட்டு, யாரும் யாருக்கும் பொறுப்பில்லாமல் விட்டுவிடுவதுதான் அந்தக் கேடு. என் பேச்சு முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

ஐந்தாம் இடத்தின் பெருமையைக் காட்ட ஒரு வரலாறு சொல்கிறேன். டோட்டா 2இன் உலகப் போட்டிக்கு தி இன்டர்நேஷனல் என்று பெயர். 2011இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் முதன்முதலாக நடந்தது. முதல் பரிசு 10 இலட்சம் டொலர். 2018 ஆம் ஆண்டுப் போட்டி கனடாவின் வான்கூவரில். அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஓஜி என்ற ஐரோப்பிய அணி சிதறிப்போனது. நீண்ட நாள் தோழர் உட்பட இருவர் வேறோர் அணிக்குப் போய்விட்டார்கள். அணித்தலைவர் ஜோகான் சன்ட்ஸ்டைன், நோட்டெயில் என்ற பெயரில் ஆடுகிறவர், மிஞ்சியவர்களைக் கொண்டு அணியை மறுபடி கட்டினார். பயிற்றுநராக இருந்தவர் ஆட்டக்காரராக இறங்கினார். ஓய்வில் இருந்த ஓர் இளைஞர் திரும்பி வந்தார். பெரிய மேடையே காணாத பின்லாந்துப் பையன் ஒருவர் சேர்ந்தார். யாரும் பங்குபற்றக்கூடிய திறந்த தகுதிச்சுற்றில் தொடங்கி, படிப்படியாக ஏறி, இறுதியாட்டத்தில் சீனத்தின் பலம்வாய்ந்த அணியை 3–2 என்று வென்றார்கள். அடுத்த ஆண்டு ஷங்காயிலும் அவர்களே வென்றார்கள். அதுவரை எந்த அணியும் இரண்டு முறை வென்றதில்லை.

அந்த இரண்டு வெற்றிகளிலும் நோட்டெயில் ஆடிய இடம் ஐந்தாம் இடம். பொன்னைத் தொடாத இடம். பின்னர் மின்விளையாட்டு வரலாற்றிலேயே கூடுதலான பரிசுப் பணம் வென்றவர்களின் பட்டியலில் முதலாவதாக வந்தவரும் அவர்தான். தலைவன் என்பதால் முதலாம் இடத்தை அவர் எடுத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதே அணியை 2019 ஏப்ரலில் ஓர் இயந்திரம் தோற்கடித்தது. அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ நிறுவனம் உருவாக்கிய ஐந்து செயற்கை ஆட்டக்காரர்கள் ஓஜியை 2–0 என்று வென்றார்கள். பத்து மாதங்களில் 45,000 ஆண்டு ஆடினால் கிடைக்கும் அனுபவத்தை அந்த இயந்திரம் தனக்குத்தானே ஆடி ஆடிச் சேர்த்துக்கொண்டது என்று அந்நிறுவனம் அறிவித்தது. என்னைக் கவர்ந்தது அந்த எண்ணிக்கை அல்ல. அந்த ஐவருக்கும் ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள். தன் ஆதாயத்தை மட்டும் பார்ப்பதற்கு ஒரு முனை, அணி முழுவதின் ஆதாயத்தைத் தன்னுடையதாக எண்ணுவதற்கு மறுமுனை. பயிற்சியின் தொடக்கத்தில் ஒவ்வொன்றும் தன் அடிப்படையைக் கற்றுக்கொள்ளும்படி முதல் முனைப் பக்கமாக வைத்து, போகப்போக மறுமுனைக்குத் தள்ளினார்கள். கூட்டாக ஆடுவது இயந்திரத்துக்கும் தானாக வந்துவிடவில்லை. யாரோ இருந்து, பொறுமையாக, சிறிது சிறிதாகப் பழக்கினார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த வேலையை யார் செய்கிறார்கள்?

இனி உம்மாமாரின் முறைப்பாட்டுக்கு வருகிறேன். கூட்டம் தொடங்குமுன்பே பலர் சொன்னார்கள்: "சேர், சாப்பிடக் கூப்பிட்டால் வாறானில்லை. மஃரிபுக்குப் பாங்கு சொல்லியும் எழும்புறானில்லை." இது நியாயமான முறைப்பாடு. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளையின் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஆட்டத்தை நினைத்த இடத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு தொடர முடியாது. அவனோடு இன்னும் ஒன்பது பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இவன் எழும்பிப் போனால் இவனுடைய அணி நாலு பேரோடு நிற்கும், தோற்கும். டோட்டாவில் ஐந்து நிமிடம் தொடர்பு அறுந்தாலே ஆட்டத்தைக் கைவிட்டவன் என்று பதிவாகித் தண்டனை வரும். மொபைல் லெஜன்ட்ஸிலும் நன்மதிப்புப் புள்ளி குறையும். 2022இல் நாடே நாளுக்குப் பல மணித்தியாலங்கள் இருட்டில் கிடந்த காலத்தில், மின்வெட்டால் தொடர்பு அறுந்த பிள்ளைகளும் இதே கணக்கில்தான் சேர்க்கப்பட்டார்கள்.

ஆகவே, நடு ஆட்டத்தில் கூப்பிட்டால் அவனுக்கு முன் இரண்டு கடமைகள் மோதுகின்றன. உம்மாவின் சொல் ஒரு பக்கம், அணியை விட்டுப்போகாமை மறுபக்கம். அந்த இடத்தில் அவனை நிறுத்தாதீர்கள். கேட்க வேண்டியது ஆட்டம் தொடங்குவதற்கு முன். "எத்தனை மணிக்கு முடியும்? பாங்குக்கு முன் முடியுமா? முடியாதென்றால் தொடங்காதே." மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆட்டம் தொடங்கினால் அது பிள்ளையின் பிழை, அதைக் கண்டிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தொடங்கியபின் போனைப் பறித்தால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: அடுத்த முறை கதவைச் சாத்திக்கொண்டு ஆட வேண்டும் என்பது. வீட்டில் இந்த ஓர் ஒழுங்கு வந்துவிட்டாலே பாதிச் சண்டை குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழக்கம் எப்போது நோயாகிறது என்றும் கேட்டீர்கள். உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது; 2022 முதல் நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டத்தை வைப்பது, கேடு வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது. இவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்து, படிப்பையும் குடும்பத்தையும் உறவையும் பாதித்திருக்க வேண்டும். அப்படியான பிள்ளைக்கு மருத்துவரின் உதவி தேவை. அடி தேவையில்லை. மற்றப் பிள்ளைகளை நோயாளி என்று அழைக்காதீர்கள்.

தடைபோட்ட நாடுகளும் உண்டு. தென்கொரியா 2011இல் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை ஒன்லைனில் ஆடக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. பத்து ஆண்டுகள் பார்த்துவிட்டு 2021இல் அதை நீக்கத் தீர்மானித்தது. நேரத்தைக் குடும்பமே தீர்மானிக்கட்டும் என்று விட்டது. சீனம் அதே ஆண்டில் எதிர்த்திசையில் போய், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் என்று கட்டிப்போட்டது. எனக்குக் கொரியா வந்து சேர்ந்த முடிவே சரியாகப் படுகிறது.

காசு விடயத்தில் மட்டும் நான் மிகக் கண்டிப்பானவன். டோட்டா 2இல் எல்லா வீரர்களும் எல்லோருக்கும் இலவசம். காசு கொடுத்து வாங்குவது உடையும் அலங்காரமும் மட்டுமே. பலத்தை வாங்க முடியாது. இது நேர்மையான ஏற்பாடு. ஆனால் அந்த அலங்காரத்தை விற்கும் விதத்தைப் பாருங்கள். 2021இல் புக்கரெஸ்ட் நகரில் நடந்த உலகப் போட்டியின் மொத்தப் பரிசு 40 மில்லியன் டொலரைத் தாண்டியது. அதில் விளையாட்டை நடத்தும் நிறுவனம் தன் கையிலிருந்து போட்டது 1.6 மில்லியன்தான். மீதியெல்லாம் ரசிகர்கள் வாங்கிய பொருட்களின் விலையில் நாலில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால், ரசிகர்கள் செலவழித்தது 150 மில்லியனுக்கு மேல். பரிசுக்குப் போகாமல் நிறுவனத்திடம் தங்கியது 115 மில்லியன் அளவில். அந்த விற்பனையைச் சுருக்கியபின் 2023இல் மொத்தப் பரிசே 3 மில்லியனை ஒட்டி இறங்கிவிட்டது. உலகம் வியந்த அந்தப் பெரும் பரிசைக் கொடுத்தவர்கள் யார் என்று இப்போது விளங்கும்.

இன்னொன்றும் உண்டு. சில விளையாட்டுகளில் மூடிய பெட்டியைக் காசு கொடுத்து வாங்கித் திறந்தால் உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் சில விளையாட்டுகளில் ஆராய்ந்து, காசு கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வரும் என்று அறிவித்தது. நமக்கு பெல்ஜியம் வந்து சொல்லவேண்டியதில்லை. என்ன வரும் என்று தெரியாமல் காசு வைத்தால் அது என்ன என்று மார்க்கம் நமக்குச் சொல்லித்தந்திருக்கிறது. இந்தியா 2025 ஓகஸ்டில் கொண்டுவந்த ஒன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடைசெய்தது; மின்விளையாட்டைத் தனியே பிரித்து விளையாட்டாக ஏற்றது. அந்தப் பிரிகோடு நல்ல கோடு. பிள்ளைகளே, வாப்பாவின் போனில் ரீலோட் காசை எடுத்து ஆட்டத்துக்கு டயமண்ட் வாங்காதீர்கள். வாப்பா வெயிலில் நின்று உழைத்த காசு அது.

சரி, இந்த விளையாட்டில் நம்மைப் போன்ற சிறிய நாடுகளுக்கு இடம் உண்டா? 2019இல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டு விழாவில் மின்விளையாட்டுக்கு முதன்முறையாகப் பதக்கம் கொடுத்தார்கள். டோட்டா 2, மொபைல் லெஜன்ட்ஸ் இரண்டிலும் பிலிப்பைன்ஸ் தங்கம் வென்றது. 2022 ஓகஸ்டில் பர்மிங்காமில் பொதுநலவாய மின்விளையாட்டுப் போட்டி நடந்தபோது, மொயின் எஜாஸ் தலைமையிலான இந்திய டோட்டா அணி நியூசிலாந்தை வென்று வெண்கலம் கொண்டுவந்தது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவின் டோட்டா இறுதியாட்டத்தில் சீனத்தை எதிர்த்து நின்ற நாடு மொங்கோலியா. அதன் சனத்தொகை 35 இலட்சம் அளவு. இலங்கையின் ஆறில் ஒரு பங்கு. வெள்ளிப் பதக்கத்தோடு போனார்கள். 2026 ஆசிய விளையாட்டு விழாவின் பட்டியலில் நம் பிள்ளைகள் ஆடும் மொபைல் லெஜன்ட்ஸும் இருக்கிறது. இலங்கை விளையாட்டுத்துறை அமைச்சு 2019லேயே மின்விளையாட்டை ஒரு விளையாட்டாக அங்கீகரித்துவிட்டது. கொழும்பில் போட்டிகளும் அலுவலகங்களுக்கிடையிலான சுற்றுகளும் நடக்கின்றன. கிழக்குக்கு அந்த அலை இன்னும் சரியாக வந்துசேரவில்லை.

தூரம் ஒரு காரணம்தான். பாலங்கள் வரும்வரை நாம் திருகோணமலைக்குப் போவதென்றால் பெரும்பாலும் லோஞ்சில் கொட்டியாரக் குடாவைத் தாண்ட வேண்டும், அல்லது பாதை என்ற மிதவையில் ஏறித் துறை கடக்க வேண்டும். எந்தப் போட்டிக்குப் போனாலும் நம் பிள்ளைகள் அரைநாள் களைப்போடு போய் இறங்கியவர்கள். இந்த விளையாட்டில் தூரத்துக்குப் பெயர் பிங்: விரல் அசைவு ஆட்டம் நடக்கும் சேர்வருக்குப் போய்வர எடுக்கும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். சேர்வர் சிங்கப்பூரில் இருந்தால், கொழும்பிலிருந்து அங்கே 2,700 கிலோமீற்றர் அளவு. போய்வர 27 மில்லிசெக்கனாவது வேண்டும். டோட்டாவுக்குச் சென்னையிலும் மும்பாயிலும் சேர்வர்கள் உண்டு. திருகோணமலையிலிருந்து சென்னை நேர்கோட்டில் 500 கிலோமீற்றர்தான். ஆனால் நம் பிள்ளையின் விரல் அசைவு முதலில் தொலைபேசிக் கோபுரத்துக்கு ஏறி, கொழும்புக்குப் போய், கடலடிக் கம்பியில் இறங்கி, பிறகே அங்கு சேரும். பௌதிகம் தடுப்பதில்லை, கோபுர நெரிசலும் சுற்றுவழியும் தடுக்கின்றன. நம் ஊருக்கு நல்ல ஃபைபர் இணைப்புக் கேட்பது படிப்புக்காகவும் கேட்க வேண்டிய ஒன்று. அதைக் கேட்கும்போது விளையாட்டையும் வெட்கமில்லாமல் சேர்த்துச் சொல்லுங்கள்.

தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. நீங்களும் ஆடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். குரலைக் கேட்டதும் பெண்பிள்ளை என்று கண்டு அசிங்கமாகப் பேசுகிறவர்களுக்குப் பயந்து மைக்கை மூடிவைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள். அது உங்கள் குற்றமல்ல. உங்கள் வகுப்புத் தோழியர் ஐந்து பேர் ஓர் அணியாகச் சேருங்கள். அந்நியருக்குக் குரல் கொடுக்கவேண்டிய தேவையே வராது.

இனி என் வேண்டுகோள். தோப்பூரில் உதைபந்தாட்டத்துக்கு அணி சேர்ப்பது எப்படி என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஒழுங்கு இதற்கும் வரட்டும். பாடசாலை மண்டபமோ நூலகத்தின் ஒரு மூலையோ போதும். ஒருவரையொருவர் தெரிந்த ஐந்து பிள்ளைகள், பொறுப்பாக ஒரு பெரியவர், இஷாவுக்குப் பிறகு வெள்ளியும் சனியும் குறித்த நேரம். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி ஏற்பாடு. சாதாரண தரம், உயர்தரம் எழுதும் ஆண்டில் அந்தப் பிள்ளைகளுக்கு விடுப்பு. காசு வைத்து ஆடுவதும் பெட்டி வாங்குவதும் இல்லை. தூஷணம் பேசுகிறவன் இரண்டு வாரம் வெளியில். ஒவ்வொரு பிள்ளையும் சுழற்சியில் ஐந்தாம் இடம் ஆட வேண்டும். விலக்கு யாருக்கும் இல்லை. அசருக்குப் பின் மைதானத்துக்குப் போகும் வழக்கத்தில் கைவைக்க வேண்டாம். அது போனால் எதுவும் நிற்காது.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். நீ எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேளுங்கள். பிள்ளைகளே, அணியில் சேர விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். பெயருக்குப் பக்கத்தில் உம்மாவோ வாப்பாவோ கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாத பெயர் சேர்க்கப்படாது.